பட்டத்தைத் துறந்த பிரபு எதையெல்லாம் துறக்கிறார்?

"எல்லாத்தையும் உதறிட்டு வந்துட்டார்." கதைகளைப் பற்றிப் பேசும் இடங்களில் இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது. பிரபு குடும்பத்தில் பிறந்த ஒருவர் மாளிகையை விட்டு வெளியேறி, ஒரு சின்ன வீட்டில் தச்சு வேலையோ தோட்ட வேலையோ செய்து பிழைக்கிறார். படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் கலங்குகிறது. மீதிப் பேர் "இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று தள்ளிவிடுகிறார்கள். அவர் துறந்தது என்ன என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

பட்டம், சொத்து, சலுகை, மரியாதை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். உள்ளே இருப்பவை தனித்தனிப் பொருள்கள். ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று தானாகக் கழன்றுவிடாது. எனக்கு இந்த வகைக் கதைகள் மீது தீராத பிரியம் உண்டு. அவை அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்படுவது வருத்தமாக இருக்கிறது. அதனால் அந்த மூட்டையை முதலிலிருந்து, நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

உண்ணாவிரதமும் பட்டினியும்

இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உண்ணாவிரதம் இருக்கிறார். இன்னொருவருக்குச் சாப்பிட எதுவும் கிடைக்கவில்லை. வயிற்றுக்குள் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் நினைத்தால் மாலையில் விரதத்தை முடித்துக்கொள்ளலாம். இரண்டாமவருக்கு மாலை எப்போது வரும் என்றே தெரியாது. உண்ணாவிரதம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. பசி பசிதான். இருந்தாலும், முடித்துக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு வசதி இருவரின் பசியையும் வேறு வேறாக ஆக்கிவிடுகிறது.

மாளிகையை விட்டு வந்த பிரபுவும் அவர் குடியேறிய தெருவின் ஏழையும் இந்த இருவரைப் போல. வீடு ஒன்று, உடை ஒன்று, வேலை ஒன்று. திரும்பிப் போகும் வழி மட்டும் ஒருவருக்கு உண்டு, இன்னொருவருக்கு இல்லை.

சிறப்புரிமை என்றால் என்ன?

பிரபு என்பவர் வெறும் பணக்காரர் அல்லர். பணக்காரர் சம்பாதித்து மேலே வரலாம், இழந்து கீழே போகலாம். பிரபுத்துவம் பிறப்போடு வருகிறது. அரசும் சட்டமும் ஏற்றுக்கொண்ட பரம்பரைத் தகுதி அது. அதற்கு வைத்த பெயர்தான் பட்டம்: கோமகன், சீமான் என்று நாட்டுக்கு நாடு மாறும்.

பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது சிறப்புரிமை. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லின் லத்தீன் வேருக்கு 'தனியாருக்கான சட்டம்' என்று பொருள். ஊருக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டம். புரட்சிக்கு முந்தைய பிரான்சில் சாதாரணக் குடிகள் கட்டிய முக்கியமான நேரடி வரியைப் பிரபுக்கள் பெரும்பாலும் கட்டவில்லை. இங்கிலாந்தில் பெரிய குற்றம் சாட்டப்பட்ட ஒரு பிரபுவை மற்ற பிரபுக்களே கூடி விசாரிக்கும் வழக்கம் 1948 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. இன்று நாம் சலுகை என்று பொதுவாகச் சொல்வது இதைவிட மிக மங்கலான ஒன்று. கதைகளில் வரும் பிரபுவின் சலுகையோ கையில் தொட்டுக் காட்டக்கூடிய அளவுக்குத் தெளிவானது.

விடுப்பு, ராஜினாமா, பணிநீக்கம்

வேலையை வைத்துப் பார்த்தால் இந்தக் கதைகளின் வகைகள் சட்டென்று விளங்கும்.

மாறுவேடம் போட்டு நகர்வலம் வரும் ராஜா விடுப்பில் இருக்கிறார். நாற்காலி அவருக்காகக் காலியாகவே இருக்கிறது. ஒரு நாள் ஓடிப்போய் ஊரைச் சுற்றிவிட்டு இரவில் அரண்மனைக்குத் திரும்பும் இளவரசியும் அப்படித்தான். அழகான கதைகள்தான், ஆனால் அவற்றில் துறப்பு கிடையாது.

புரட்சியோ புதிய அரசோ வந்து பட்டத்தைப் பறித்தால் அது பணிநீக்கம். அங்கே இழப்பு உண்டு, தேர்வு இல்லை. அந்தப் பாத்திரத்தின் பெருமை, நேர்ந்ததைத் தாங்கிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

தானே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறுவது ராஜினாமா. மன்னர் செய்தால் முடிதுறத்தல், பிரபு செய்தால் பட்டம் துறத்தல். நாம் பேச வந்தது இதைத்தான்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு அதுதான் அதிகம் பழக்கம், அதனால் குழப்பமும் அங்கேதான் அதிகம். அதுதான் துறவு. அண்ணன் செங்குட்டுவனுக்காக அரசைத் துறந்து குணவாயிற் கோட்டத்தில் இருந்தவர் என்று இளங்கோவடிகளை மரபு சொல்கிறது. சித்தார்த்தர் கதையும் நமக்குத் தெரியும். ஆனால் துறவி சாதாரண மனிதராக ஆவதில்லை. அரசர்களே எழுந்து நின்று வணங்கும் இன்னொரு உயரத்துக்குப் போகிறார். அரண்மனையை விட்டு வந்து, மளிகைக் கணக்குப் பார்த்து, வாடகை கட்டி, பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவரின் கதை அதிலிருந்து முற்றிலும் வேறு. அவரை யாரும் வணங்கப் போவதில்லை. அதில் உள்ள கஷ்டம் துறவியின் கஷ்டத்தைவிடக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பட்டம் என்பது பரம்பரைத் தகுதியின் பெயர், சிறப்புரிமை என்பது அதோடு வரும் தனிச் சட்டம். மாறுவேடம், பறிப்பு, துறவு மூன்றும் பட்டம் துறத்தலைப் போலத் தெரிந்தாலும் வேறு வேறு. இனி, அது நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

காகிதத்தில் துறப்பது எப்படி?

பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் போதும் என்று நினைக்கிறோம். டோனி பென் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதிக்கு அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. 1960 நவம்பரில் அவருடைய தந்தை இறந்ததும் ஸ்டான்ஸ்கேட் கோமகன் என்ற பட்டம் தானாக அவர் தலையில் வந்து உட்கார்ந்தது. பிரபு ஆகிவிட்டவர் மக்களவையில் உட்காரக் கூடாது என்பது அன்றைய விதி. இடைத்தேர்தலில் நின்றார், ஜெயித்தார், ஆனாலும் அந்த இடம் நீதிமன்றத் தீர்ப்பால் தோற்றவருக்குப் போனது. கடைசியில் சட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. 1963 ஜூலை 31 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று மாலையே பட்டத்தைத் துறந்தார், அந்தச் சட்டப்படி துறந்த முதல் ஆள் அவர்தான்.

அந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, கதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. துறப்பு அவருடைய ஆயுளுக்கு மட்டும்தான். பட்டம் அழிவதில்லை, உறங்குகிறது. 2014-இல் அவர் இறந்ததும் அது மூத்த மகனுக்குப் போய்ச் சேர்ந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பரம்பரைப் பட்டத்துக்கு அது அப்படியே பொருந்தும்.

உறங்குவது என்று சும்மா சொல்லவில்லை. பழைய பிரான்சில் கடை வைத்து வியாபாரம் செய்யும் பிரபு தன் தகுதியை இழக்க நேரிடும். பிரித்தானி மாகாணத்தில் மட்டும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயரே 'உறங்கும் பிரபுத்துவம்'. நொடித்துப்போன பிரபு தன் தகுதியைத் தூங்க வைத்துவிட்டு வியாபாரத்தில் இறங்கலாம். அந்தக் காலம் முழுக்க மற்றவர்களைப் போல வரி கட்ட வேண்டும். கையில் காசு சேர்ந்து வியாபாரத்தை விட்டதும், அறிவித்துவிட்டுத் தகுதியை எழுப்பிக்கொள்ளலாம். உண்ணாவிரதத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது போல.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜப்பான். அங்கே அரச குடும்பத்துப் பெண் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை மணந்தால் அரச தகுதி போய்விடும். 1947 முதல் இருக்கும் சட்டம் அது. 2021 அக்டோபரில் இளவரசி மாகோ அப்படி வெளியே வந்தார். வெளியேறுகிறவர்களுக்கு அரசு தரும் பெருந்தொகையையும் வேண்டாம் என்றார். இதில் என்னை மிகவும் தொட்டது ஒரு சின்ன விவரம். ஜப்பான் அரச குடும்பத்தாருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மற்றக் குடிமக்களின் பெயர் இருக்கும் குடும்பப் பதிவேட்டிலும் அவர்கள் இருப்பதில்லை. திருமணத்தன்று, முப்பது வயதில், முதல் முறையாக அவருக்கு ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது. நாம் பிறந்தவுடன் கேட்காமலே வாங்கிக்கொண்டதை அவர் இத்தனையை விட்டுக்கொடுத்து வாங்கினார்.

இன்னொரு முனையில் எட்டாம் எட்வர்ட். 1936 டிசம்பரில் பிரிட்டிஷ் முடியைத் துறந்தார். காதலுக்காக எல்லாவற்றையும் விட்டவர் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் விட்டது அரச பதவியை. வின்ட்சர் கோமகன் என்ற பட்டம் கிடைத்தது, தன் சொந்தச் சொத்தாக இருந்த சாண்ட்ரிங்காம், பால்மோரல் மாளிகைகளைத் தம்பிக்கு விற்றார், வசதியாகவே வாழ்ந்தார். பதவியைத் துறப்பது சாதாரண வாழ்க்கைக்கு வருவதாகாது.

சட்டத்தால் ஒரு மனிதரின் பெயரை மாற்ற முடியும், தகுதியை நீக்க முடியும், சில சமயம் அதுவும் அவர் இருக்கும் வரை மட்டும். சொத்து தனிக் கணக்கு. இந்த இரண்டையும் தாண்டியதைப் பற்றிச் சட்டம் வாய் திறப்பதில்லை.

உடம்போடு வருவது

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதற்கு ஒரு பெயர் வைத்தார்: பண்பாட்டு மூலதனம். பேச்சு, நடை, படிப்பு, ரசனை, யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற பழக்கம் எல்லாம் பணத்தைப் போலவே ஒரு மனிதருக்கு வழி திறந்துவிடும் சொத்து என்றார். வீட்டை விற்கலாம், நிலத்தை எழுதிக் கொடுக்கலாம். இந்தச் சொத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

கற்பனையாக ஒரு பிரபுவை எடுத்துக்கொள்வோம். பட்டத்தை முறைப்படி துறந்துவிட்டார், சொத்தையும் விட்டுவிட்டார். ஒரு தச்சுப் பட்டறையில் சேர்ந்த முதல் நாள். காலையில் பட்டறை வாசலுக்கு வருகிறார். கதவு சாத்தியிருக்கிறது. ஒரு கணம் நிற்கிறார். கதவு திறக்கவில்லை. அப்புறம்தான் புரிகிறது, அவர் யாராவது திறப்பார்கள் என்று காத்திருக்கிறார். முப்பது வருடமாக எந்தக் கதவையும் அவர் கை தொட்டதில்லை. கை நீட்டித் திறக்கிறார்.

உள்ளே மூத்த தச்சர் ஒரு பலகையைக் கொடுத்து இழைக்கச் சொல்கிறார். இவர் "நன்றி" என்கிறார். பட்டறையில் யாரும் வேலை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வதில்லை, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மதியத்துக்குள் உள்ளங்கையில் கொப்புளம். மறுநாள் பலகையைக் கோணலாக அறுத்துவிடுகிறார். அதே தவறை அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பையன் செய்திருந்தால் தச்சரிடம் திட்டு விழுந்திருக்கும். இவரிடம் தச்சர் குரல் உயர்த்தவில்லை. "பரவாயில்லை, பழகிடும்" என்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் எல்லாமே அந்தப் 'பரவாயில்லை'யில் இருக்கிறது. இவர் யார் என்று தச்சருக்குத் தெரியாது. ஆனாலும் நிற்கும் தோரணையில், பேச்சின் சுத்தத்தில் ஏதோ ஒன்று அவரைத் தடுக்கிறது. பட்டம் போன பிறகும் சலுகை வேலை செய்துகொண்டே இருக்கிறது. கொடுக்கிறவருக்கும் தெரியவில்லை, வாங்குகிறவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நிற்கும் பையனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

மரியாதை யாரிடம் இருக்கிறது?

சலுகையை நாம் ஒருவர் கையில் இருக்கும் பொருளாக நினைக்கிறோம், சட்டையைப் போல. அதனால் கழற்றி மாட்டிவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது. அதில் பெரும்பகுதி மற்றவர்களிடம் இருக்கிறது. அவர்கள் எழுந்து நிற்பதில், குரலைத் தாழ்த்துவதில், சந்தேகப்படாமல் விடுவதில். இதை உள்ளபடி காட்டிய இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னர் நாட்டை மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். ஆட்சியின் பாரம் வேண்டாம். ஆனால் மன்னர் என்ற பெயரும், கூடவே வர நூறு வீரர்களும் வேண்டும். வேலையை விட்டுவிட்டு மரியாதையை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். மூத்த மகள் வீட்டில் நூறு ஐம்பதாகிறது. அடுத்தவள் இருபத்தைந்து போதும் என்கிறாள். அப்புறம் பத்து எதற்கு, ஐந்து எதற்கு, ஒருவர்தான் எதற்கு என்று வந்து நிற்கிறது. மரியாதை தன்னுடைய உடம்பிலேயே இருக்கிறது என்று அவர் நம்பினார். அது அதிகாரத்தில் இருந்தது, அதிகாரத்தை அவரே கைமாற்றியிருந்தார். மகள்களின் கொடுமை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கணக்கு குறைந்துகொண்டே வருவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' (1899) இதை மறுபுறத்திலிருந்து பார்க்கிறது. கோமகன் நெஹ்லூதவ் தன்னால் வாழ்க்கை கெட்ட கத்யூஷாவுக்காக எல்லாவற்றையும் விட முடிவு செய்கிறார். ஒரு கிராமத்தில் நிலத்தைச் சுற்றுவட்டாரக் குத்தகையைவிட மிகக் குறைவாக உழவர்களுக்கு விட முன்வருகிறார். அவர்கள் மகிழ்ச்சியில் துள்ளுவார்கள் என்று எதிர்பார்க்கிறார். அவர்களோ சந்தேகப்படுகிறார்கள். எஜமான் தனக்கு லாபமில்லாமல் எதையும் செய்ய மாட்டார் என்பதுதான் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கற்ற பாடம். அவர் ஒரே நாளில் மனம் மாறலாம், அவர்களுடைய அனுபவம் ஒரே நாளில் மாறாது.

இன்னொன்றும் அந்த நாவலில் இருக்கிறது. கத்யூஷாவின் வழக்குக்காக நெஹ்லூதவ் பெரிய மனிதர்களின் வீட்டு வரவேற்பறைகளில் ஏறி இறங்குகிறார். அவருக்கு அந்தக் கதவுகள் திறப்பது அவர் கோமகன் என்பதால்தான். துறக்க நினைக்கும் சலுகையைப் பயன்படுத்தித்தான் அவரால் உதவ முடிகிறது. மணந்துகொள்கிறேன் என்று வரும்போது கத்யூஷா மறுத்துவிடுகிறாள். என்னை வைத்து நீங்கள் கரையேறப் பார்க்கிறீர்கள் என்ற பொருளில் அவள் ஒருமுறை கோபத்தோடு கேட்பது, இந்த வகைக் கதைகள் எல்லாவற்றையும் நோக்கிக் கேட்ட கேள்வி.

சலுகையின் ஒரு பகுதி பட்டத்தில், ஒரு பகுதி சொத்தில், ஒரு பகுதி உடம்பில் ஊறிய பழக்கத்தில், பெரும்பகுதி மற்றவர்களின் நடத்தையில். முதல் இரண்டை ஒருவர் தனியாகத் துறக்கலாம். மூன்றாவதற்கு வருடங்கள் வேண்டும். நான்காவது அவர் கையில் இல்லை.

மாளிகையில் மிச்சம் இருப்பவர்கள்

பிரபு வெளியேறியதும் கதையும் அவரோடு வெளியேறிவிடுகிறது. சமையல்காரர் என்ன ஆனார், குதிரைக்காரர் எங்கே போனார் என்று பெரும்பாலான கதைகள் சொல்வதில்லை. ஒரு பெரிய மாளிகை பல குடும்பங்களுக்கு வேலை தரும் இடம். அவர் விடுதலை அடைந்த அதே நாளில் அவர்கள் வேலை இழக்கிறார்கள். சொத்து தம்பிக்குப் போனால், தம்பி எப்படிப்பட்டவர் என்பது குத்தகைக்காரர்களின் சோற்றுப் பிரச்சினை.

துறப்பதிலும் கணக்கு உண்டு என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி 1789 ஆகஸ்ட் 4 இரவு. பிரான்சின் தேசிய சபையில் பிரபுக்களே எழுந்து தங்கள் உரிமைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார்கள். கண்ணீரும் கைதட்டலுமாக நள்ளிரவு தாண்டியும் நடந்தது. அடுத்த சில நாட்களில் அது சட்டமாக எழுதப்பட்டபோது, பல நிலக் கட்டணங்களை உழவர்கள் ஈடு கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று. ஈடு இல்லாமல் எல்லாம் ஒழிய 1793 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரவில் துறந்ததற்குப் பகலில் விலை போட்டார்கள்.

அந்தக் கடிதம்

இனி இப்படி ஒரு கதையைக் கையில் எடுக்கும்போது மாளிகையை விட்டு வெளியேறும் காட்சியை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எழுதச் சுலபமான காட்சி. கோபமோ காதலோ இருந்தால் யாரும் ஒரு கதவைச் சாத்திவிட்டு வரலாம். மூன்றாவது வருடத்துக்குப் போங்கள்.

தச்சு வேலைக்குப் போன நம் பிரபுவுக்கு அப்போது ஒரு குழந்தை. மழைக்காலம், குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். பட்டறையில் அந்த மாதம் வேலை குறைவு, மருத்துவர் சொன்ன தொகை வீட்டில் இல்லை. மேசையில் காகிதம் இருக்கிறது. தம்பிக்கு நாலு வரி எழுதிப் போட்டால் போதும், மறுநாளே வண்டி வந்து நிற்கும். அடுத்த வீட்டிலும் ஒரு குழந்தைக்கு அதே காய்ச்சல். அந்த வீட்டில் கடிதம் எழுத யாரும் இல்லை.

அவர் எழுதினால், மூன்று வருடமாக விட்டதாக நினைத்தது எல்லாம் அந்த மேசையிலேயே இருந்தது என்று தெரிந்துவிடும். எழுதாமல் விட்டால், தன் கொள்கைக்கு ஒரு குழந்தையைப் பணயம் வைத்ததாகும். நான் அவர் இடத்தில் இருந்தால் எழுதிவிடுவேன். வண்டி வந்ததும் அடுத்த வீட்டுக் கதவையும் போய்த் தட்டுவேன்.